பெட்டியின் நாரில் ஒரு காடு

2015 அக்டோபர் 7 அன்று சிங்கப்பூரின் ஃபேர்பிரைஸ் பேரங்காடிகளில் சில அடுக்குகள் காலியாகத் தொடங்கின. பேசியோ, நைஸ், ஜாலி போன்ற பெயர்களில் விற்ற டிஷ்யூ கட்டுகளை ஊழியர்கள் எடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். எல்லாம் இந்தோனேசியாவின் ஏஷியா பல்ப் அண்ட் பேப்பர் நிறுவனத்தின் சரக்கு. இனி அதைச் சுருக்கமாக ஏபிபி என்று குறிப்பிடுகிறேன். அந்த நிறுவனத்தின் உள்ளூர் விநியோகஸ்தருக்குக் கொடுத்திருந்த பச்சை முத்திரையைச் சிங்கப்பூர்ச் சுற்றுச்சூழல் மன்றம் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. உடனே கடையும் தன் முடிவை அறிவித்தது. வேறு கடைகளும் பின்தொடர்ந்தன.

ஊரெங்கும் அப்போது புகைமூட்டம். செப்டம்பர் 25 அன்று பள்ளிகளுக்கே விடுமுறை விட வேண்டியிருந்தது. சிராங்கூன் சாலையிலும் ஜொகூரிலும் கிள்ளானிலும் வாழும் தமிழர்கள் உட்படக் கோடிக்கணக்கானவர்கள் வாரக்கணக்கில் சுவாசித்தது சுமத்ராவும் கலிமந்தானும் எரிந்த புகையை. அந்த ஆண்டு எரிந்த பரப்பு சுமார் 26 லட்சம் ஹெக்டேர். இந்தோனேசியாவுக்கு ஏற்பட்ட இழப்பை 1,600 கோடி டாலர் என்று உலக வங்கி கணக்கிட்டது. ஹார்வர்டு, கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளிலுமாகச் சுமார் ஒரு லட்சம் பேர் அந்தப் புகையால் தங்கள் ஆயுளுக்கு முன்பே இறந்திருக்கக்கூடும். இந்தத் தீயில் ஏபிபிக்கும் பங்கு உண்டு என்பது குற்றச்சாட்டு. நிலத்தைத் திருத்தத் தீ வைப்பதற்குத் தங்களிடம் தடை இருக்கிறது, தீ வெளியிலிருந்து வந்தது என்பது நிறுவனத்தின் பதில்.

மரம் வெட்டாத, கூழ் காய்ச்சாத, தீ வைக்காத கடைக்காரரிடம் போய் ஏன் கேட்க வேண்டும்? கேட்பதென்றால் எந்த ஆதாரத்தை அவர் முன்னால் வைப்பது? முதல் கேள்வி வணிகம் பற்றியது, சீக்கிரம் முடிந்துவிடும். இரண்டாவது அறிவியல். இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

ஒரு பொம்மைப் பெட்டியின் அட்டை காட்டிலிருந்து கடைக்கு வருகிற பாதை நீளமானது. காட்டை அரசு குத்தகைக்கு விடுகிறது. குத்தகைக்காரர் மரத்தை வெட்டி ஆலைக்கு அனுப்புகிறார். ஆலை அதைக் கூழாக்கித் தாளாக்குகிறது. தாள் பெரும்பாலும் சீனாவுக்குப் போய் அச்சாகி, மடிந்து, பெட்டியாகி, உள்ளே பொம்மையோடு கப்பலேறுகிறது. இந்தப் பாதையின் காட்டு முனையில் நின்று போராடியவர்களுக்குக் கிடைத்தது மிகக் குறைவு. சுமத்ராவின் ரியாவ் மாநிலத்தில் பாடாங் என்று ஒரு தீவு. தங்கள் மண் ஒரு கூழ் நிறுவனத்துக்குக் குத்தகையாகப் போவதை எதிர்த்து அந்தத் தீவின் கிராமத்தார் 2011 டிசம்பரில் ஜகார்த்தாவுக்கு வந்தார்கள். நாடாளுமன்றத்தின் வாசலில் ஊசி நூலால் உதடுகளைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அரசு முத்திரையுள்ள குத்தகைப் பத்திரத்தின் முன்னால் அவர்கள் சொல் எடுபடவில்லை.

கடை முனையில் கணக்கே வேறு. கடைக்காரருக்குத் தாள் விற்க நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஒருவரை விட்டால் இன்னொருவர். அவர் இழப்பதற்கு அங்கே காடும் இல்லை, ஆலையும் இல்லை. கெட்டுப்போகப் பெயர் மட்டும் இருக்கிறது, அந்தப் பெயரை வைத்துத்தான் அவர் பிழைக்கிறார். இதைச் சுற்றுச்சூழல் இயக்கங்கள் மரக்கட்டை வியாபாரத்திலேயே கற்றுக்கொண்டன. அமெரிக்காவின் ஹோம் டிப்போ கடைகளை ரெயின்ஃபாரஸ்ட் ஆக்‌ஷன் நெட்வொர்க் என்ற அமைப்பு விடாமல் நெருக்கியது. அழியும் நிலையிலுள்ள பழங்காடுகளின் மரத்தை விற்பதை நிறுத்துவதாக 1999இல் அந்த நிறுவனம் அறிவித்தது. 2008இல் அலுவலகப் பொருள்கள் விற்கும் ஸ்டேப்பிள்ஸ் ஏபிபியுடனான கொள்முதலை முறித்துக்கொண்டது. அது வாங்கிய தாளில் சுமார் 9 சதவீதம் அதுவரை ஏபிபியிடமிருந்து வந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டே, காடுகளுக்குச் சான்று வழங்கும் எஃப்எஸ்சி அமைப்பு ஏபிபியுடன் எந்தத் தொடர்பும் வேண்டாம் என்று விலகியிருந்தது.

அந்த ஆலைகள் ஏன் காட்டைத் தின்றன என்பதற்கு நிர்வாகிகளின் குணத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. எண்களே சொல்லும். 1980களின் கடைசியில் இந்தோனேசியாவின் கூழ் உற்பத்தித் திறன் ஆண்டுக்கு ஏறக்குறைய 6 லட்சம் டன். 1999இல் அது 49 லட்சம் டன்னாக வளர்ந்துவிட்டது. ஒரு டன் கூழுக்குச் சுமார் நாலரை கன மீட்டர் மரம் வேண்டும். அந்த மரத்தைத் தோட்டம் போட்டு வளர்த்துக்கொள்வோம் என்பதுதான் வாக்குறுதி. ஆனால் சியாக் ஆற்றங்கரையில் பெராவாங்கிலும், கம்பார் ஆற்றங்கரையில் பங்காலான் கெரின்சியிலும் ஆலை முதலில் எழுந்துவிட்டது, தோட்டம் பின்தங்கிவிட்டது. இந்தப் பொருத்தமின்மையைப் பன்னாட்டு வன ஆராய்ச்சி மையத்துக்காக கிறிஸ்டோஃபர் பார் 2000ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதிவிட்டார். மறு ஆண்டு ஏபிபி சுமார் 1,400 கோடி டாலர் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தியது. கடன்பட்ட ஆலையைச் சும்மா நிறுத்திவைக்க முடியாது. தோட்டத்து மரம் முற்றவில்லை, காடு பக்கத்திலேயே நின்றது.

அப்படி வெட்டப்பட்ட மரம் ஒரு டப்பாவுக்குள் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

மரத்தைக் கூழாக்கும்போது சில்லுகளைச் சோடியம் ஹைட்ராக்சைடும் சோடியம் சல்ஃபைடும் கலந்த கரைசலில் சுமார் 170 டிகிரி செல்சியஸில் வேகவைப்பார்கள். செல்களை ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்தும் லிக்னின் கரைந்து போய்விடும். நிறம், மணம், பட்டை, வைரம், மரத்தை மரமாக நாம் அடையாளம் காணும் எதுவும் மிஞ்சாது. ஆனால் செல்களின் சுவர் செல்லுலோஸால் ஆனது. அது பிழைத்துக்கொள்கிறது. வெளுப்பு, அரைப்பு, உருளைகளின் அழுத்தம் எல்லாவற்றையும் தாண்டி அந்தச் செல்கள் தாளுக்குள் உருக்குலையாமல் கிடக்கின்றன.

ஆய்வகத்தில் நடப்பது மிக எளிய காரியம். பெட்டியிலிருந்து தபால் தலை அளவுக்கு ஒரு துண்டைக் கிழித்து, நீர்த்த காரத்தில் கொதிக்கவைத்து, பிரியும்வரை குலுக்குகிறார்கள். அந்தக் கலங்கலில் ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் விட்டு உலர்த்தி, அயோடின் கலந்த சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். பைன் போன்ற மென்கட்டை மரத்தின் நார்கள் சுமார் 3 மில்லிமீட்டர் நீளத்தில் நாடா நாடாவாகக் கிடக்கும். வன்கட்டை மரங்களின் நார் அதில் மூன்றிலொரு பங்குதான், ஒரு மில்லிமீட்டர் அளவு. அந்த நார்களை மட்டும் பார்த்து இது இன்ன மரம் என்று சொல்வது கடினம். சொல்ல உதவுவது அவற்றுக்கு இடையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் சைலக் குழாய்ச் செல்கள். பள்ளிப் பாடத்தில் படித்த அதே சைலம்தான்: வேரிலிருந்து இலைக்கு நீரேற்றும் குழாயின் ஒரு கண்ணி, இரு முனையும் திறந்த பீப்பாய் போன்றது. சில இனங்களில் அது குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும், சிலவற்றில் ஒல்லியாக, முனையில் வால் நீண்டிருக்கும். முனைத் துளை சிலவற்றில் ஒற்றை வட்டம், சிலவற்றில் ஏணிப் படிகள் போட்டதுபோலக் குறுக்குச் சட்டங்கள். பக்கச் சுவரில் அண்டைச் செல்களோடு தொடர்பு கொள்ளும் நுண்குழிகள் இருக்கின்றன. அவற்றின் அளவும் நெருக்கமும் அடுக்கும் இனத்துக்கு இனம் மாறும். பழகிய ஆய்வாளர் அடையாளம் தெரிந்த மரங்களின் மாதிரிகளை ஒப்பிட்டுப் படித்துச் சொல்லிவிடுகிறார்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த தர்க்கம் ஒன்று உண்டு. கூழில் இருக்கும் எல்லா மரத்தையும் பெயர் சொல்லி அடையாளம் காண வேண்டிய அவசியமே இல்லை. கூழ்த் தோட்டங்களில் வளர்க்கும் அக்கேசியா மரத்தை மட்டும் போட்டுக் காய்ச்சிய கூழில் சைலக் குழாய்கள் எல்லாம் ஒரே சாயலில் இருக்கும். சுமத்ராவின் தாழ்நிலக் காட்டிலோ ஒரு ஹெக்டேருக்குள் நூற்றுக்கு மேற்பட்ட மர இனங்கள் நிற்கின்றன. அதை மொட்டையடித்து மொத்தமாக வேகவைத்தால் கண்ணாடிச் சில்லில் ஒன்றுக்கொன்று உறவில்லாத வடிவங்கள் வந்து விழும். உலகில் யாரும் அத்தனை வகை மரங்களைக் கலந்து கூழுக்காகத் தோட்டம் போடுவதில்லை. ஆகவே அந்தக் கலப்பே காட்டின் கைரேகை. ஆய்வறிக்கைகளில் இதைக் கலப்பு வெப்பமண்டல வன்கட்டை என்று எழுதுவார்கள். மழைக்காட்டை எது மழைக்காடாக வைத்திருந்ததோ அந்தப் பன்மைதான், அது அழிந்த பிறகும், அழித்தவரைக் காட்டிக்கொடுக்கிறது.

இந்தச் சோதனை கைக்கு வந்ததும் இயக்கங்களின் குரல் மாறியது. 2010இல் ரெயின்ஃபாரஸ்ட் ஆக்‌ஷன் நெட்வொர்க் அமெரிக்கச் சந்தையிலிருந்து 30 சிறுவர் நூல்களை வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்பியது. 18 நூல்களில் மழைக்காட்டு அழிவோடு தொடர்புள்ள நார் இருந்தது. புலியும் யானையும் படம் போட்ட புத்தகங்களை அந்தப் புலியின் காட்டை அரைத்து அச்சிட்டிருக்கலாம் என்று ஒரு தாய்க்குத் தெரிந்தால் அவள் கடைக்காரரிடம் கேட்காமல் இருப்பாளா? பதிப்பாளர்களுக்கே பெரும்பாலும் தெரியாது. தாளைத் தேர்ந்தெடுத்தது சீனாவில் இருந்த அச்சகம். தெரியாது என்பது அதுவரை போதுமான பதிலாக இருந்தது. சோதனை அறிக்கை மேசைக்கு வந்த பிறகு அந்தப் பதிலுக்கு இடமில்லாமல் போனது. பதிப்பகங்கள் ஒவ்வொன்றாகக் கொள்முதல் விதிகளை எழுதின. 2012 அக்டோபரில், சிறுவர் நூல் உலகின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றான டிஸ்னி, தன் உரிமம் பெற்ற தொழிற்சாலைகளையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் கொள்கையை வெளியிட்டது.

இடையில் பார்பி. 2011 ஜூனில் கிரீன்பீஸ் அமைப்பினர் கலிஃபோர்னியாவில் மேட்டல் நிறுவனத் தலைமையகத்தின் முகப்பில் ஏறி, காட்டை அழிக்கும் பார்பியுடன் தனக்கு இனி உறவில்லை என்று அவளுடைய காதலன் பொம்மையான கென் சொல்வதாக ஒரு பெரிய பதாகையைத் தொங்கவிட்டார்கள். பெட்டிகளின் நாரைச் சோதித்த அறிக்கையும் கூடவே வந்தது. நான்கே மாதத்தில், அக்டோபரில், மேட்டல் புதிய கொள்முதல் கொள்கையை அறிவித்தது. உதடு தைத்துக்கொண்ட பாடாங் தீவு மக்களுக்குக் கிடைக்காத கவனம் ஒரு பொம்மைக்குக் கிடைத்தது என்பதை நினைக்கும்போது எனக்கு வலிக்கிறது. ஆனாலும் அந்தக் கவனம் தேவைப்பட்டது.

2012 மார்ச்சில் ஆதாரம் ஆலையின் வாசலுக்கே போய்விட்டது. பெராவாங் ஆலையின் மரக்கிடங்கில் கிரீன்பீஸ் ஆட்கள் கட்டைகளின் மாதிரிகளைச் சேகரித்திருந்தார்கள். ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது அவற்றில் பல ரமின் என்று தெரியவந்தது. ரமின் சதுப்புக் காட்டில் வளரும் மரம். அதை வெட்ட இந்தோனேசியா 2001இலேயே தடை போட்டிருந்தது. அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் பட்டியலிலும் அது இருக்கிறது. அதன்பின் வாங்குவோர் விலகுவது வேகமெடுத்தது. 2013 பிப்ரவரி 5 அன்று, இயற்கைக் காட்டை வெட்டுவதை நிறுத்துவதாக ஏபிபி அறிவித்தது. பங்காலான் கெரின்சி ஆலையை நடத்தும் ஏப்ரல் குழுமம் 2015இல் அதே நிலைக்கு வந்தது. காட்டையே தின்று வளர்ந்த ஒரு தொழிலை, எந்த நீதிமன்றமும் ஆணையிடாமல், வாங்குவோர் நிறுத்தவைத்தார்கள். இதைச் சிறிய காரியம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

ஆனால் நுண்ணோக்கி எதைப் பார்க்கிறது என்பதை இங்கே நிதானித்து யோசிக்க வேண்டும். அது மரத்தின் இனத்தைப் பார்க்கிறது. மரம் நின்ற இடத்தைப் பார்ப்பதில்லை. இயற்கைக் காட்டு மரம் ஆலைக்கு வருவது நின்றதும் கூழில் அக்கேசியா மட்டுமே இருக்கும். நார் சுத்தமாகத் தெரியும். அந்த அக்கேசியா எதன் மேல் வளர்ந்தது?

கிழக்குச் சுமத்ராவின் கரையோரத் தாழ்நிலத்தில் பெரும்பகுதி பீட் நிலம். விழுந்த இலையும் வேரும் கட்டையும் நீரில் மூழ்கியே கிடப்பதால், ஆக்சிஜன் கிடைக்காமல், மட்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றின் மேல் ஒன்று படிந்த கறுப்பு மண். வளர்வது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான். கம்பார் தீபகற்பத்தில் சில இடங்களில் அது 10 மீட்டருக்கு மேல் ஆழம். தோண்டினால் பாதி மட்கிய மரத்துண்டுகள் கையோடு வரும். எடையில் பெரும்பங்கு நீர். மிச்சத்தில் ஏறக்குறைய பாதி கார்பன்.

அக்கேசியா கிராசிகார்ப்பா ஆஸ்திரேலியாவையும் நியூ கினியையும் சேர்ந்த மரம். ஐந்து ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடும். ஆனால் நீரில் ஊறிய மண்ணில் அது நிற்காது. ஆகவே கால்வாய் வெட்டி நீர்மட்டத்தை ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் கீழே இறக்குகிறார்கள். நீர் இறங்கிய இடத்துக்குக் காற்று வருகிறது. காற்றோடு நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்குகின்றன. ஆயிரம் ஆண்டுகள் மட்காமல் இருந்தது இப்போது மட்கி கார்பன் டையாக்சைடாகப் பறக்கிறது. காலநிலை மாற்றத்தை ஆராயும் பன்னாட்டுக் குழுவான ஐபிசிசியின் ஈரநிலக் கணக்கீட்டு வழிகாட்டி இதற்குத் தரும் மதிப்பு, ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 20 டன் கார்பன். கார்பன் டையாக்சைடாகச் சொன்னால் 70 டன்னுக்கு மேல். தீப்பிடிக்காமலேயே இவ்வளவு. காய்ந்த பீட்டில் தீப்பிடித்தால் அது மண்ணுக்குள் இறங்கிக் கனன்றுகொண்டே இருக்கும், மேலே ஊற்றும் தண்ணீருக்கு அடங்காது. 2015இன் புகைமூட்டம் அவ்வளவு அடர்த்தியாக வந்ததற்குப் பெரிய காரணம் இதுவே.

இந்த இழப்பை அளக்கும் கருவி மிக எளிமையானது. பீட்டைத் துளைத்து அடியிலுள்ள களிமண்வரை ஒரு குழாயை இறக்கி ஊன்றுகிறார்கள். குழாய் அசையாது, மண் இறங்கும். முதல் நாள் தரைமட்டத்தில் போட்ட குறி நாளாக நாளாக மேலே ஏறி வருவதுபோலத் தெரியும். நெதர்லாந்தின் டெல்டாரஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஹூயர் தலைமையிலான குழு சுமத்ராவில் இப்படி அளந்து 2012இல் வெளியிட்டது: நீர் வடித்த முதல் ஐந்து ஆண்டுகளில் நிலம் சுமார் 1.4 மீட்டர் இறங்கியது, அதன்பின் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் கால் மீட்டர். கடலோரத் தாழ்நிலம் இப்படி இறங்கிக்கொண்டே போனால், ஒரு நாள் ஆற்று வெள்ளமும் கடலேற்றமும் உள்ளே வந்து வடிகாலே வேலை செய்யாத நிலை வரும். அப்போது அங்கே அக்கேசியாவும் வளராது.

ஏபிபிக்கும் இது தெரியாத விஷயமில்லை. 2015இல் சுமார் 7,000 ஹெக்டேர் பீட் தோட்டத்தைக் கைவிட்டு மீட்கப்போவதாக அறிவித்தது. பீட் நிலத்தில் நீர்மட்டம் 40 சென்டிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்று இந்தோனேசிய அரசு 2014இல் விதி செய்தது. 2016இல் பீட் மீட்புக்கென்று தனி அமைப்பையும் உருவாக்கியது. நல்ல அடிகள். ஆனால் கடை அடுக்கில் இருக்கும் டிஷ்யூ கட்டை எந்த நுண்ணோக்கியில் வைத்தாலும், அதன் மரம் 40 சென்டிமீட்டர் வடித்த நிலத்தில் வளர்ந்ததா, 90 சென்டிமீட்டர் வடித்த நிலத்தில் வளர்ந்ததா என்று தெரியாது. இரண்டிலும் ஒரே அக்கேசியா, ஒரே சைலக் குழாய்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று உடைமை. மரம் தரும் நிறுவனங்கள் பெரும்பாலும் சுதந்திரமானவை, தங்களுக்குச் சொந்தமானவை அல்ல என்று ஏபிபி சொல்லிவந்தது. 2017 டிசம்பரில் அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் நிறுவனப் பதிவேடுகளைத் தோண்டி, அந்த நிறுவனங்களுக்கும் ஏபிபியின் தாய்க்குழுமமான சினார் மாஸுக்கும் இடையில் நெருங்கிய தொடர்புகள் இருப்பதாக எழுதினார்கள். 2013 அறிவிப்புக்குப் பின் ஏபிபியுடன் சேர்ந்து வேலை செய்துவந்த கிரீன்பீஸ், மறு ஆண்டு மே மாதம் அதை நிறுத்திக்கொண்டது. குழுமத்தோடு தொடர்புள்ள இரண்டு குத்தகைகளில் 2013க்குப் பிறகு ஏறக்குறைய 8,000 ஹெக்டேர் காடும் பீட் நிலமும் அழிக்கப்பட்டதைச் செயற்கைக்கோள் படங்களில் கண்டதே காரணம். தாளுக்குள் நாரைத் தேடிய வேலை இப்போது படங்களுக்கும் பதிவேடுகளுக்கும் போயிருக்கிறது.

சட்டமும் அந்தப் பக்கம் நகர்கிறது. 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றிய காடழிப்புத் தடைச் சட்டம், மரமும் தாளும் விற்பவர் அந்த மரம் வளர்ந்த நிலத்தின் புவியிட விவரத்தைக் காட்ட வேண்டும் என்கிறது. அமலாக்கம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தள்ளிப்போடப்பட்டிருக்கிறது. சட்டத்தின் கோடு 2020 டிசம்பர் 31. அதற்குப் பிறகு அழிக்கப்பட்ட காட்டின் மரம் உள்ளே வரக் கூடாது. சுமத்ராவின் பீட் தோட்டங்களில் பெரும்பாலானவை அந்தத் தேதிக்கு வெகுமுன்பே காடு வெட்டி, கால்வாய் தோண்டி, நீர் வடிக்கப்பட்டவை. அவற்றின் மரம் இந்தச் சட்டத்தை மீறாமலேயே கடைக்கு வந்துசேரும்.

ஆகவே கடைக்காரரிடம் வைக்க வேண்டிய கேள்விகள் இப்போது வேறு. இந்தத் தாளின் மரம் எந்தக் குத்தகையின் எந்தப் பகுதியிலிருந்து வந்தது, அந்தக் குத்தகையின் உண்மையான உரிமையாளர் யார், அங்கே பீட் எத்தனை மீட்டர் ஆழம், சென்ற ஆண்டு மாதவாரியாக நீர்மட்டம் என்ன, குழாயில் போட்ட குறி எவ்வளவு ஏறியிருக்கிறது. நீர்மட்டத்தை அளக்கும் கிணறுகளை அமைக்கச் சொல்லி அரசு விதியே இருப்பதால், இந்த எண்களில் பல அங்கே ஏற்கெனவே எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. கொள்முதல் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் அவை வாங்குவோர் கைக்கு வரும்.